தையல் பிரித்துப் பார்த்த சீசன்

டோமன் பிரெவ்ட்ஸ் 254.5 மீட்டர் பறந்துவிட்டார், உலகக் கோப்பையின் கண்ணாடிக் கோளத்தை டானியல் சோஃபெனிக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார், சீசன் முடிந்தது. இனி நவம்பர் வரைக்கும் சனி ஞாயிறு மாலைகளில் எனக்கு வேலை இல்லை, இதை எழுத இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது. ஸ்கீ ஜம்பிங், அதாவது காலில் பனிச்சறுக்குப் பலகை கட்டி மேடையிலிருந்து தாவிப் பறக்கிற விளையாட்டு, அதன் 2024–25 சீசனைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்து பிரயோசனம் இல்லை, நானே எழுதிவிடுகிறேன்.

ஊர் திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் ஆரம்பித்து, இப்போது மொரீஷியஸில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் குவாலிட்டி பார்க்கிறேன். இங்கே உட்கார்ந்துகொண்டு ஸ்கீ ஜம்பிங் பார்க்கிறேன் என்றால் என் தம்பி போனில் சிரிக்கிறான், "ஃப்ரிட்ஜுக்கு வெளிய அங்க ஐஸே கிடையாதேண்ணா" என்கிறான். உண்மைதான். ஐரோப்பாவில் பனி கொட்டுகிற டிசம்பர், ஜனவரியில் இங்கே நல்ல கோடை, லிச்சிப் பழம் விற்கிற நேரம், அப்புறம் புயல் காலம். ஆனால் ஆறேழு வருடமாகத் துணி, நூல், தையல் என்றே பார்த்துப் பழகிய ஒருத்தனுக்கு இந்த சீசன் அளவுக்குத் தீனி போட்ட விளையாட்டு வேறு எதுவும் இல்லை. என் கட்சி இதுதான்: இந்த சீசனில் நடந்த பெரிய விஷயங்களில் பாதி காற்றால் நடந்தது, பாதி துணியால் நடந்தது. குதித்தவர்கள் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தது எங்கள் வீட்டுக்கார ஐயா. காத்ர் போர்ன் பக்கம் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். வீட்டில் பேசுவது கிரியோல், கோவிலில் தேவாரம், என்னிடம் மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார். மகன் பிரான்சில் கிரனோபிளில் இருக்கிறார். 1968 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் அது. அந்த ஒலிம்பிக்குக்காக ஊருக்கு மேலே செங்-நிசியேவில் கட்டிய தாவுமேடை இன்றைக்கும் கேட்பாரற்றுப் பாழடைந்து நிற்கிறதாம். மகனைப் பார்க்கப் போனபோது ஐயா அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து டிஷ்ஷில் வருகிற பிரெஞ்சு விளையாட்டுச் சேனலில் ஸ்கீ ஜம்பிங் ஓடினால் மாடிக்குக் குரல் கொடுப்பார்: "தம்பி, குதிக்கிறாங்க, வாங்க!" அம்மா ஒரு தட்டில் காத்தோ பிமா கொண்டுவந்து வைப்பார். கடித்தால் நம் பருப்பு வடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வர்ணனையாளர் பிரெஞ்சில் மூச்சு விடாமல் பேசுவார், எனக்கு எண்கள் மட்டும் புரியும். எண்கள் போதும்.

குளிர்காலத்தில் நடு ஐரோப்பாவுக்கும் நமக்கும் மூன்று மணி நேரம் வித்தியாசம். அங்கே சாயங்காலம் விளக்குப் போட்டுக் குதித்தால் இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். வேலைக்குப் போகிறவனுக்கு இதைவிட வசதியான விளையாட்டு கிடையாது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருகிற தகராறு புரியாது. ஒரு மலைச்சரிவு, மேலே ஒரு சறுக்குப் பாதை. ஒரு கட்டையில் உட்கார்ந்திருக்கிற ஆள் கையை விட்டால் அவ்வளவுதான், பெரிய மேடையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் விளிம்புக்கு வந்து சேருவார், பறக்கும் மேடை என்கிற ராட்சத மேடையில் 100ஐத் தாண்டும். விளிம்பில் ஒரு உதைப்பு. பிறகு உடம்பை முன்னால் சாய்த்து, இரண்டு பலகைகளையும் 'வி' மாதிரி விரித்துக்கொண்டு காற்றில் படுத்துக்கொள்வார். இந்த 'வி'யைக் கொண்டுவந்தவர் யான் போக்லெவ் என்ற ஸ்வீடன்காரர். அதற்கு முன்னால் பலகைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பறந்தார்கள். நடுவர்களுக்கு அவர் பாணி பிடிக்காமல் மார்க்கைக் குறைத்துக்கொண்டே இருந்தார்கள். மனுஷன் அப்படியும் 1988–89 உலகக் கோப்பையை ஜெயித்தார். சில வருடங்களில் அத்தனை பேரும் 'வி'க்கு மாறிவிட்டார்கள்.

மதிப்பெண் கணக்கு பார்க்கத்தான் சிக்கல். ஒவ்வொரு மேடைக்கும் கே-புள்ளி என்று ஒரு கோடு, பெரிய மேடையில் அது சுமார் 120 மீட்டரில் இருக்கும். சரியாக அங்கே இறங்கினால் 60 புள்ளி. தாண்டிய ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 கூடும், குறைந்தால் அதே கணக்கில் கழியும். ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 வரைக்கும் பாணி மதிப்பெண் போடுவார்கள், அதில் அதிகமானதையும் குறைவானதையும் தூக்கிப் போட்டுவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவார்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து முழங்கால் மடக்கி இறங்குவதற்கு டெலிமார்க் என்று பெயர், அது இல்லாமல் தொப்பென்று இறங்கினால் நடுவர்கள் கை வைத்துவிடுவார்கள்.

அப்புறம் காற்று. எதிர்க்காற்று அடித்தால் நல்லது, பட்டம் மாதிரி ஆளைத் தூக்கிப் பிடிக்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தால் கீழே அமுக்கிவிடும். ஓடுகிறவனுக்கும் சைக்கிள் விடுகிறவனுக்கும் இருக்கிற கணக்குக்கு நேர் தலைகீழ். அதனால் சரிவு நெடுக காற்றை அளக்கிற கருவிகள் வைத்து, எதிர்க்காற்று கிடைத்தவருக்குப் புள்ளி கழித்து, பின்காற்றில் மாட்டியவருக்குப் புள்ளி கூட்டிக் கொடுக்கிறார்கள். தொடங்குகிற கட்டையை மேலே கீழே மாற்றினால் அதற்கும் ஒரு கணக்கு. 15 வருடமாக இந்த முறைதான். இதனால் வெறும் கண்ணால் பார்த்து யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாமல் போய்விட்டது என்று பழைய ரசிகர்கள் புலம்புவார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரு ஆளுக்குத் தென்றல், அடுத்த ஆளுக்குப் பின்காற்று என்று விட்டுவிட்டு "விதி" என்று கையை விரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நொடிக்கு மூன்று மீட்டர் காற்று என்றாலே அங்கே முகம் சுளிக்கிறார்கள், போட்டியை நிறுத்தி வைக்கிறார்கள். மணிக்கு 11 கிலோமீட்டர் கூட வராது அது. மொரீஷியஸில் புயல் எச்சரிக்கை நான்காம் வகுப்பு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று ஏற்கெனவே வீசிவிட்டது என்று அர்த்தம். முதல் தடவை இந்த மூன்று மீட்டரைக் கேட்டபோது ஐயா வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம வீட்டு ஃபேன்ல கூட அவங்களால குதிக்க முடியாது போல!"

சரி, சீசனுக்கு வருவோம்.

நவம்பர் கடைசியில் நார்வேயின் லில்லஹாமரில் தொடங்கியது. தொடங்கியதும் எல்லாரையும் திகைக்க வைத்தவர் பியுஸ் பாஷ்கே என்ற ஜெர்மன்காரர். 34 வயது. இந்த விளையாட்டில் 16, 17 வயதுப் பையன்களெல்லாம் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள், 34 என்றால் பயிற்சியாளர் வேலைக்கு மனுப் போடுகிற வயது. அந்த மனுஷன் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே ஐந்து போட்டிகளை ஜெயித்து, முதலிடத்தில் இருப்பவர் போடுகிற மஞ்சள் பனியனோடு ஆண்டுக் கடைசிக்கு வந்து சேர்ந்தார். ஜப்பானில் நோரியாக்கி கசாய் 50 தாண்டியும் விடாமல் குதிக்கிறார், அது தனிப் பிறவி, அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. பாஷ்கே மாதிரி வருடக்கணக்காக அணியில் ஓரமாக நின்றுவிட்டு வயதான பிறகு பூக்கிற ஆட்களைத்தான் எனக்குப் பிடிக்கும். ஜனவரிக்கு மேல் அவர் பெயர் முன்வரிசையிலிருந்து மெல்ல இறங்கிவிட்டது. போகட்டும், அந்த ஒரு மாதம் அவருடையது.

டிசம்பர் 29இலிருந்து ஜனவரி 6 வரை நான்கு மேடைப் போட்டி. இந்த விளையாட்டுக்கு அதுதான் திருவிழா, 1953இலிருந்து நடக்கிறது. ஜெர்மனியில் ஓபர்ஸ்டோர்ஃப், புத்தாண்டு அன்றைக்கு கார்மிஷ் பார்ட்டன்கிர்ஷன், பிறகு எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக், கடைசியாக பிஷோஃப்ஸ்ஹோஃபன். முதல் சுற்றில் 50 பேரை இரண்டிரண்டு பேராக மோத விடுவார்கள். ஜெயித்த 25 பேரும், தோற்றவர்களில் நன்றாகக் குதித்த ஐந்து பேரும் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். நான்கு இடத்திலும் இரண்டிரண்டு குதி, எட்டுக் குதியின் மொத்தப் புள்ளி யாருக்கு அதிகமோ அவருக்குத் தங்கக் கழுகுக் கோப்பை. நான்கிலும் ஒரே ஆள் ஜெயித்தது மூன்று தடவைதான் நடந்திருக்கிறது: 2001–02இல் ஸ்வென் ஹன்னவால்ட், 2017–18இல் போலந்தின் கமில் ஸ்டோக், அடுத்த வருடமே ஜப்பானின் ரியோயு கோபயாஷி. அதே கோபயாஷி 2023–24இல் நான்கு இடத்திலும் இரண்டாவதாக வந்து, ஒன்றைக் கூட ஜெயிக்காமல் மொத்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். இப்படி ஒரு கணக்கை வேறு எந்த விளையாட்டில் பார்ப்பீர்கள்?

இன்ஸ்ப்ரூக்கின் பெர்கிசல் மேடையைப் பற்றி ஒன்று. ஜஹா ஹதீத் வடிவமைத்த கோபுரம், உச்சியில் காபிக்கடை எல்லாம் உண்டு. மேலே கட்டையில் உட்கார்ந்திருப்பவர் நேரே கீழே பார்த்தால் மைதானத்துக்கு அப்பால் தெரிவது ஊர்க் கல்லறைத் தோட்டம். யார் இதைத் திட்டமிட்டார்கள் என்று தெரியாது, ஆனால் கேமரா வேண்டுமென்றே அதைக் காட்டும்.

இந்த முறை நான்கு மேடையும் ஆஸ்திரியாக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் ஆகிவிட்டது. ஓபர்ஸ்டோர்ஃபில் ஸ்டெஃபான் கிராஃப்ட், கார்மிஷில் டானியல் சோஃபெனிக், இன்ஸ்ப்ரூக்கில் மறுபடி கிராஃப்ட். முதல் ஊரிலும் மூன்றாவது ஊரிலும் பரிசு மேடையில் ஏறிய மூன்று பேருமே ஆஸ்திரியர்கள்: கிராஃப்ட், யான் ஹெர்ல், சோஃபெனிக். கடைசி மேடைக்கு வரும்போது கிராஃப்ட் முன்னிலை, ஹெர்ல் 0.6 புள்ளி பின்னால், சோஃபெனிக் 1.3 புள்ளி பின்னால். ஒரு மீட்டருக்கு 1.8 புள்ளி என்று சொன்னேன் அல்லவா, ஆறு குதி முடிந்த பிறகு மூன்று பேரும் ஒரு மீட்டருக்குள் நிற்கிறார்கள். இதற்கு முன்னால் ஆஸ்திரியா இந்தக் கோப்பையைக் கடைசியாக வாங்கியது 2014–15இல், அதை வாங்கியவரும் இதே கிராஃப்ட்தான்.

ஜனவரி 6, திங்கட்கிழமை. மறுநாள் காலை ஷிப்ட் என்றாலும் கீழே போய் உட்கார்ந்துவிட்டேன். சோஃபெனிக் குதித்தார், ஹெர்ல் குதித்தார், கடைசியாக கிராஃப்ட். முதல் சுற்றிலும் அவர்தான் முன்னால், எனவே கடைசி ஆள். கட்டையில் உட்காருகிறார். காற்று சரியில்லை, சிவப்பு விளக்கு. எழுந்து வரச் சொல்கிறார்கள். மறுபடி உட்காருகிறார். மறுபடி காத்திருப்பு. அந்த உயரத்தில், அந்தக் குளிரில், தொடைத் தசை இறுகிப்போகும். உள்ளே மனசு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். ஐயா பாதி கடித்த காத்தோ பிமாவைக் கையில் வைத்துக்கொண்டு டிவியைத் திட்டிக்கொண்டிருந்தார், கிரியோலில், நல்லவேளை எனக்குப் புரியவில்லை. கடைசியில் பச்சை விளக்கு வந்தது. குதித்தார். போதவில்லை.

சோஃபெனிக் முதலிடம். ஹெர்ல் 1.4 புள்ளியில் இரண்டாவது, கிராஃப்ட் 4.1 புள்ளியில் மூன்றாவது. எட்டுக் குதிகளைக் கூட்டி, ஒரு மீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில் கழுகு 22 வயதுப் பையன் கைக்குப் போனது. காற்றுக்குத்தான் புள்ளி கொடுத்து ஈடுகட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். அளந்த காற்றுக்குக் கொடுக்கிறார்கள், காத்திருந்த நேரத்துக்கு யார் புள்ளி கொடுப்பது? சோஃபெனிக்கைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்தக் கடைசிக் குதி அருமையான குதி. சீசன் முழுக்க அவர்தான் நிலையாக இருந்தார், உலகக் கோப்பையின் கண்ணாடிக் கோளமும் அவருக்கே வந்தது, அதிலும் இரண்டாவது ஹெர்ல்தான். பாவம் ஹெர்ல், இந்த வருடம் முழுக்க யாருக்காவது பின்னால் ஒரு அடி தள்ளி நிற்பதே அவர் வேலையாகப் போய்விட்டது.

பெண்களுக்கு இந்த சீசனிலும் நான்கு மேடை கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். கார்மிஷிலும் ஓபர்ஸ்டோர்ஃபிலும் இரண்டே இரண்டு போட்டி வைத்துவிட்டு முடித்துவிட்டார்கள். 2014 வரைக்கும் ஒலிம்பிக்கிலேயே பெண்களைச் சேர்க்காத விளையாட்டு இது. அந்தப் பெண்களில்தான் இந்த சீசனின் மிகச் சிறந்த ஆள் இருந்தார், ஆண் பெண் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். நிக்கா பிரெவ்ட்ஸ், ஸ்லொவேனியா, சீசன் முடிகிற நேரத்தில்தான் 20 வயது நிறைந்தது. உலகக் கோப்பை தொடர்ந்து இரண்டாவது வருடம். மார்ச் 14 அன்று நார்வேயின் விக்கர்சுண்டில் 236 மீட்டர், பெண்களில் அப்போது உலக சாதனை. அவர் பறக்கும்போது உடம்பு அசைவதே இல்லை. மற்றவர்கள் காற்றோடு மல்லுக்கட்டுவது பலகை நுனியில் தெரியும், இந்தப் பெண்ணிடம் அது தெரியாது.

பெப்ரவரியில் நான் அவ்வளவாகப் பார்க்கவில்லை. 11ஆம் தேதி தைப்பூசக் காவடி, இந்த நாட்டில் அன்றைக்கு அரசு விடுமுறை. கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கிற முருகன் கோவிலுக்கு ஐயா குடும்பத்தோடு போவது வழக்கம். பத்து நாள் விரதம் என்பதால் வீட்டில் எல்லாமே ஒழுங்காகிவிடும், டிவி சத்தம் உட்பட. அந்த வாரக் கடைசியில் சப்போரோவில் கோபயாஷி சொந்த நாட்டில் ஜெயித்ததை போனில்தான் பார்த்தேன். ஜப்பான் நேரம் நமக்கு ஐந்து மணி முன்னால், அதனால் அங்கே பகல் போட்டி என்றால் இங்கே விடிந்தும் விடியாத நேரம்.

பிறகு மாதக் கடைசியில் கேரன்ஸ் புயல். எங்களைத் தொட்டுவிட்டு 28ஆம் தேதி ரீயூனியன் தீவை நேராகப் போய் அடித்தது. இங்கே எச்சரிக்கை வகுப்பு ஏறியதுமே கம்பெனியை மூடி வேன் வைத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாளியில் தண்ணீர் பிடித்து, மெழுகுவர்த்தி எடுத்து வைத்து, ஜன்னலைச் சாத்தி உட்கார்ந்தோம். டிஷ்ஷை ஐயா முதல் நாளே கழற்றிவிட்டார், அதில் அவர் கெட்டி. நார்வேயின் த்ரொண்ட்ஹெய்மில் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கிவிட்டிருந்தது. நிக்கா சிறிய மேடையில் தங்கம் வாங்கியது ரீயூனியனைப் புயல் அடித்த அதே வெள்ளிக்கிழமை. பெரிய மேடைத் தங்கத்தையும் அடுத்த வாரம் அவரே வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மார்ச் 2, டிஷ் மறுபடி மொட்டைமாடியில் ஏறிவிட்டது. ஆண்கள் சிறிய மேடை. நார்வேயின் மாரியுஸ் லிண்ட்விக் தங்கம், சொந்த மண்ணில், ஊரே கொண்டாடியது. 2022 ஒலிம்பிக்கில் பெரிய மேடைத் தங்கம் வாங்கியவர், லேசுப்பட்ட ஆள் இல்லை. அடுத்த சனிக்கிழமை, மார்ச் 8, பெரிய மேடை. லிண்ட்விக் இரண்டாவதாக வந்தார். அப்புறம்தான் வெடித்தது.

போட்டிக்கு முந்தின நாள் யாரோ திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து எடுத்த வீடியோ ஒன்று சுற்ற ஆரம்பித்தது. நார்வே அணி ஆட்கள் தையல் மெஷினில் குதிக்கிற உடைகளை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள், தலைமைப் பயிற்சியாளரும் அந்த அறையில் நிற்கிறார். போட்டி முடிந்ததும் மற்ற நாடுகள் புகார் கொடுக்க, சோதனைக்காரர்கள் லிண்ட்விக், அதே அணியின் ஃபோர்ஃபாங் இரண்டு பேரின் உடைகளையும் தையல் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே விறைப்பான நூல் ஒன்று கூடுதலாக ஓடியிருந்தது. இரண்டு பேரும் தகுதி நீக்கம், வெள்ளி பறிபோனது. அடுத்த நாள் அணி மேலாளரே இது ஏமாற்று வேலைதான் என்று ஒப்புக்கொண்டார். குதித்த இருவரும் எங்களுக்குத் தெரியாது என்றார்கள். பயிற்சியாளரையும் உடை தைக்கிறவரையும் இடைநீக்கம் செய்தார்கள். தங்கம் டோமன் பிரெவ்ட்ஸுக்கு, வெள்ளிக்கு ஹெர்ல் ஏறினார், கோபயாஷிக்கு வெண்கலம்.

ஒரு நூலால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு என் தொழில் பாஷையில் சொல்கிறேன். அந்த உடை நாம் நினைக்கிற மாதிரி மெல்லிய துணி இல்லை. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த, நாலிலிருந்து ஆறு மில்லிமீட்டர் தடிமனான, ஸ்பாஞ்ச் மாதிரித் துணி. ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்குக் குறைந்தது 40 லிட்டர் காற்று அதன் வழியாகப் போகவேண்டும் என்று விதி. காற்று புகாத துணி என்றால் அது பாராசூட் ஆகிவிடும். உடம்பைவிட எத்தனை சென்டிமீட்டர் வரை பெரிதாக இருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. இதில் முக்கியமான இடம் கவட்டை. பலகையை 'வி'யாக விரிக்கும்போது இரண்டு தொடைக்கும் நடுவில் துணி விரிந்து நிற்கும். அங்கே பரப்பு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுக்குக் காற்று கீழிருந்து தாங்கும். சாதாரண நூலில் தைத்தால் காற்றில் அந்த இடம் துவண்டு ஒடுங்கும், விறைத்த நூல் ஓடினால் விரிந்தபடி நிற்கும். பலகை நீளத்தையே ஆளின் உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள், ஒரு கிலோ குறைந்தால் பலகை குறையும். அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிற இடத்தில் கவட்டைத் தையல் ஒன்றும் சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, அதுதான் என்னை உலுக்கியது. இந்த சீசனில் உடைகளைச் சோதித்து ஒப்புக்கொண்ட பிறகு அவற்றில் சிப் வைத்துவிடுகிறார்கள். இது அனுமதி வாங்கிய உடைதான் என்பதற்கு அடையாளம். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் சீல் சேம்பிள். பையர் ஒரு சேம்பிளைப் பார்த்து, அளந்து, கையெழுத்துப் போட்டு சீல் வைத்துக் கொடுப்பார், இதே மாதிரி பத்தாயிரம் உருப்படி வரவேண்டும் என்று. சீல் வைத்த உருப்படியைப் பிரித்து வேறு நூலில் தைத்து மறுபடி மூடி வைத்தால் டேப் பிடித்து அளக்கிற எவனுக்கும் தெரியாது. நீளம் சரி, சுற்றளவு சரி, துணி சரி, சீல் சரி. மெஷர்மெண்ட் ஷீட்டில் அத்தனையும் பச்சை. பிரித்தால்தான் தெரியும், பிரித்தால் உருப்படி போச்சு, ஆகவே யாரும் பிரிக்கமாட்டார்கள். இந்தத் தைரியத்தில்தான் எல்லாத் தில்லுமுல்லும் நடக்கிறது, நார்வேயில் ஆனாலும் சரி, நான் பார்த்த சில தையல் லைன்களில் ஆனாலும் சரி. வீடியோ எடுத்த புண்ணியவான் இல்லாவிட்டால் லிண்ட்விக் வீட்டில் இன்றைக்கு அந்த வெள்ளி தொங்கிக்கொண்டிருக்கும்.

ஐயா என்னைவிடக் கோபப்பட்டார். "2022ல அந்தப் பொண்ணுங்களை என்ன பாடு படுத்தினாங்க!" என்றார். பெய்ஜிங் ஒலிம்பிக் கலப்பு அணிப் போட்டியில் உடை அளவு சரியில்லை என்று ஒரே நாளில் ஐந்து பெண்களைத் தகுதி நீக்கம் செய்தார்கள், ஜெர்மனியின் கத்தரீனா அல்தாவுஸ் அழுததை உலகமே பார்த்தது. சோதனை செய்கிறவர்களின் கண்டிப்பு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுகிறது என்பதுதான் அவர் குறை. எனக்கும் அதேதான். கவட்டைத் தையலை ஏமாற்றலாம் என்று எல்லாருக்கும் பல வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டே ஆளைப் பிடித்தார்கள், முறையைத் தொடவில்லை.

அவமானப்பட்ட பிறகு தொட்டார்கள். அடுத்த வாரம் ஓஸ்லோ போட்டியிலிருந்து புது ஏற்பாடு: சீசன் முடியும் வரை ஆளுக்கு ஒரே உடைதான், அதையும் சர்வதேச ஸ்கீ சம்மேளனமே பூட்டி வைத்துக்கொள்ளும், குதிப்பதற்கு முன்னால் கையில் கொடுத்து முடிந்ததும் வாங்கிக்கொள்ளும். இன்னும் மூன்று நார்வேக்காரர்களையும் விசாரணைக்காக நிறுத்தி வைத்தார்கள். உருப்படியைத் தைக்கிறவனிடமே விட்டு வைக்காதே என்பது எங்கள் செக்கிங் டேபிளில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு உலகச் சாம்பியன்ஷிப் நாறவேண்டியிருந்தது. லிண்ட்விக்கின் மார்ச் 2 தங்கம் இப்போதைக்கு அவரிடமே இருக்கிறது. அதைத் தைத்த நூல் என்ன நூலோ!

இவ்வளவுக்கும் பிறகு ப்ளானிட்சா வந்ததே, அதற்காகத்தான் இந்த சீசனை மன்னிக்கிறேன். ஸ்லொவேனியாவின் மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிற பறக்கும் மேடை. 1936இல் மனிதன் முதன்முதலாக 100 மீட்டர் தாண்டியது அந்தப் பள்ளத்தாக்கில்தான், 1994இல் 200ஐ முதலில் தாண்டி நின்றதும் அங்கேதான். மார்ச் 30 ஐரோப்பாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுகிற நாள், அன்றிலிருந்து நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேரம்தான். ஞாயிறு மதியச் சோறு வேகிற நேரத்தில் டோமன் பிரெவ்ட்ஸ் கட்டையில் வந்து உட்கார்ந்தார். நிக்காவின் அண்ணன். இவருக்கு மூத்தவர் பீட்டர், 2015–16இல் ஒரே சீசனில் 15 போட்டி ஜெயித்தவர், 250 மீட்டரை முதலில் தொட்டவரும் அவர்தான், 2015 பெப்ரவரியில் விக்கர்சுண்டில். ஒரே வீட்டில் எத்தனை பேர்!

டோமன் பறக்கும்போது தலை பலகைகளுக்கு நடுவில் புதைந்துபோகும், அவ்வளவு தட்டையாகப் படுத்துக்கொள்வார். சின்ன வயதில் இதைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறைய, இவன் ஒருநாள் விழுந்து சாவான் என்றே பேசினார்கள். அன்றைக்கு அவர் இறங்கவே இல்லை. இறங்குகிற இடம் வந்தது, தாண்டியது, சரிவு சமமாக ஆரம்பித்துவிட்டது, இன்னும் காலை ஊன்றவில்லை. ஊன்றியபோது முழங்கால் மடங்கிப் பின்புறம் பனியைத் தொட்டுவிடுமோ என்று ஐயா எழுந்தே நின்றுவிட்டார். தொடவில்லை. 254.5. எட்டு வருடமாக நின்றிருந்த கிராஃப்டின் 253.5 மீட்டர் சாதனை ஒரு மீட்டரில் போனது. 2024இல் கோபயாஷி ஐஸ்லாந்தில் தனியாகச் செதுக்கிய சரிவில் 291 மீட்டர் பறந்தாரே என்று சிலர் சொல்வார்கள். அது விளம்பரத்துக்குச் செய்தது, போட்டி விதிப்படி நடந்ததில்லை, சம்மேளனம் அதைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. டோமன் போட்டியில், மற்றவர்களுக்கு அடித்த அதே காற்றில், ராத்திரி பூட்டி வைத்துக் காலையில் எடுத்துக் கொடுத்த உடையில் பறந்தார்.

2026 பெப்ரவரியில் இத்தாலியில் ஒலிம்பிக், ப்ரெதாட்சோவில் குதிப்பார்கள். பெரிய மேடைத் தங்கத்துக்கு நான் டோமன் என்கிறேன். ஐயா இன்னும் கோபயாஷியை விடமாட்டேன் என்கிறார், வயசுக்கு மரியாதை கொடுத்து வாதம் பண்ணவில்லை. அதற்குள் உடை விதிகளை மொத்தமாகத் திருத்தி எழுதினால் நல்லது. கவட்டைத் தையலுக்கு இன்ன நூல், ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை தையல் என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். ஆள் வேண்டுமென்றால் திருப்பூரில் செக்கிங் மாஸ்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், குளிருக்கு ஸ்வெட்டர் மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும்.